அப்பாவின் மறதிக்கு மூன்றரை மணி நேர டெஸ்ட்: கொடுத்த காசுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இடத்தின் பெயரைப் போடப் போவதில்லை. திருச்சி தில்லைநகரில் இருக்கிறது, அவ்வளவுதான். எத்தனாவது குறுக்குத் தெரு என்று சொன்னால்கூடக் கண்டுபிடித்துவிடுவீர்கள். நல்லதும் சொல்வேன், குறையும் சொல்வேன். பெயரைப் போட்டுவிட்டுக் குறை எழுதக் கை கூசுகிறது. இந்த மாதிரி டெஸ்ட்டை இப்போது பல ஊர்களில் செய்கிறார்கள். 'நரம்பு உளவியல் மதிப்பீடு' என்பார்கள். வீட்டில் பெரியவர்களுக்கு மறதி வந்து, நியூரோ டாக்டர் இதை எழுதிக் கொடுத்திருந்தால், போவதா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் ஸ்ரீரங்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், டி.டி.பி.யும் உண்டு. அப்பாவுக்கு 69 வயது. பஸ்ஸில் 'தீரன் சின்னமலை' என்று எழுதியிருந்த காலத்துக் கண்டக்டர். பாதி சர்வீஸ் திண்டுக்கல் ரூட்டில்தான். கணக்கு முடிக்கும்போது ஒரு ரூபாய் துண்டு விழுந்ததில்லை என்பது நாங்கள் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பெருமை. அந்த மனிதர் போன ஆடியில் கீரைக்காரம்மாவிடம் இருபது ரூபாய் கீரைக்கு ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு, மீதி வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தம்மா நல்லவர், மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் ஒருநாள் காலையில் மட்டும் "சிலிண்டர் புக் பண்ணியாச்சா" என்று நாலு தடவை கேட்டார். அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது அப்போது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

முதலில் போனது ஒரு கல்யாண மண்டபத்துக்கு. இலவச ஞாபகசக்தி முகாம் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள், இந்த மூன்று பொருளைச் சொல்லுங்கள் என்று ஏழு நிமிடம் கேட்டார்கள். அப்பாவுக்கு 30-க்கு 22. "ஆரம்பக் கட்ட டிமென்ஷியா", அதாவது மறதி நோய், என்று நின்ற இடத்திலேயே சொல்லி, மூன்று மாதத்துக்குக் கேப்சூல் என்று 3,600 ரூபாய்க்கு பில் போட்டார்கள். வாங்கினேன், பயத்தில். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அவன் பங்குக்கு மூளைப் பயிற்சி விளையாட்டு ஒன்றுக்கு வருடச் சந்தா கட்டி அப்பா போனில் ஏற்றிவிட்டான். இரண்டு மாதத்தில் அப்பா அந்த விளையாட்டில் புலி ஆகிவிட்டார். கீரைக் கணக்கு அப்படியேதான் இருந்தது. தம்பி வாங்கியது வேறு கம்பெனி. ஆனால் இந்த ரகத்தில் பெரிய பெயரான லூமோசிட்டி, விளம்பரத்தில் சொன்னதற்கு ஆதாரம் போதாது என்ற வழக்கில் 2016-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்டியது என்று பிறகுதான் படித்தேன். படித்துவிட்டு அவனுக்கும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த 30 மார்க் டெஸ்ட் ஏமாற்று வேலை இல்லை. 1975-ல் வந்த எம்.எம்.எஸ்.இ., 2005-ல் வந்த மோக்கா இரண்டும் உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துபவைதான். ஆனால் அவை சல்லடை. சல்லடையில் நின்றது கல்லா நெல்லா என்று அப்புறம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மண்டபத்தில் சல்லடையைக் காட்டியே கேப்சூல் விற்றுவிட்டார்கள்.

நியூரோ டாக்டர் பி12, தைராய்டு, எம்.ஆர்.ஐ. எல்லாம் எடுத்தார். படத்தில் வெள்ளை வெள்ளையாகச் சில புள்ளிகள். சின்ன ரத்தக்குழாய் அடைப்பு, பி.பி. உள்ளவர்களுக்கு இந்த வயதில் வருவதுதான், இதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று இந்த டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். கட்டணம் 4,500 ரூபாய். தேதி கிடைக்க ஐந்து வாரம். முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. முட்டி வலிக்காரர்கள் கவனிக்கவும்.

காத்திருக்கும் அறைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியின் படம் ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தது. பத்திரிகையிலிருந்து வெட்டியது. கன்னிமாடத்து மதர் யாரோ என்று நினைத்துக்கொண்டேன். உளவியலாளர் வந்ததும், ஸ்கேன் எடுத்த பிறகும் பென்சில் பேப்பர் டெஸ்ட் எதற்கு என்று கேட்டேன். கொஞ்சம் துடுக்காகத்தான் கேட்டேன், காசு கட்டியாகிவிட்டதே. அவர் அந்தப் படத்தைக் காட்டினார். பிரெண்டா மில்னர். 1918-ல் மான்செஸ்டரில் பிறந்து, கனடா போய், மான்ட்ரியலில் மூளையை ஆராய்ந்தவர். 2018-ல் நூறு வயதைத் தாண்டினார்.

1953-ல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊரில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயதுப் பையனுக்கு வலிப்பை நிறுத்த ஆபரேஷன் செய்தார்கள். ஸ்கோவில் என்ற சர்ஜன், மூளையின் இரண்டு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் இருக்கும் பகுதியை எடுத்துவிட்டார். புது நினைவுகளைப் பதிய வைக்கிற இடம் அது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. மில்னர் மான்ட்ரியலிலிருந்து போய்ப் போய் அவரைப் பார்த்தார். 584 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு விட்டால், ஐந்தும் எட்டும் நாலும் பதினேழு என்று மனதுக்குள்ளேயே உருப்போட்டுக் கால் மணி நேரம் பிடித்து வைத்திருப்பார். பேச்சை மாற்றினால் எண் போய்விடும். எண் கொடுத்தார்கள் என்பதே போய்விடும். அதே மனிதரை, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரப் படத்தின் விளிம்பையொட்டிக் கோடு போடச் சொன்னார் மில்னர். மூன்று நாள், முப்பது தடவை. ஒவ்வொரு நாளும் 'இதை நான் செய்ததே இல்லை' என்ற நிலையில்தான் உட்கார்ந்தார். ஆனால் கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே போனது.

"அப்ப எம்.ஆர்.ஐ.யே கிடையாது மேடம். ஒரு பென்சில், ஒரு கண்ணாடி. கைக்கு ஒரு ஞாபகம், ஆளுக்கு ஒரு ஞாபகம்னு அதுலதான் தெரிஞ்சது. ஸ்கேன்ல புள்ளி தெரியும். அந்தப் புள்ளியால அப்பாவுக்கு என்ன போச்சு, என்ன போகலன்னு அவர்கிட்டதான் கேக்கணும்" என்றார் உளவியலாளர். மொலைசன் 2008-ல் 82 வயதில் இறந்தார், அவர் மூளையை 2,401 மெல்லிய சீவல்களாகச் சீவிப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். அப்பா அதைக் கேட்டு, "என்னையும் சீவிடுவீங்களா" என்று கேட்டார். அந்த அறையில் எங்களுக்கு வந்த முதல் சிரிப்பு அது.

டெஸ்ட்டின்போது குடும்பத்தார் உள்ளே இருக்கக்கூடாது. நான் கெஞ்சியதால் முதல் இருபது நிமிடம் அப்பா முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். 'க'வில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் எத்தனை முடியுமோ அத்தனை சொல்ல வேண்டும், ஆள் பெயர் ஊர் பெயர் கூடாது. இங்கிலீஷில் இதை எஃப், ஏ, எஸ் என்று வைத்துச் செய்வார்களாம், நமக்கு க, ப, ம. அப்பா "கண்ணு, கல்லு" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டு, "காலு சொல்லலாமா? அது கா-வாச்சே" என்றார். உளவியலாளர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார், "சொல்லலாம் ஐயா" என்றார், எதையோ குறித்துக்கொண்டார். அந்தச் சந்தேகத்திலேயே ஏழெட்டு நொடி போய்விட்டது. அதற்குள் எனக்கு மனசு கேட்காமல் உதடு அசைந்துவிட்டது போலிருக்கிறது, கதவைக் காட்டிவிட்டார். சரி, தப்பு என்மேல்தான்.

மீதி அப்பா சொல்லியும், ஒரு வாரம் கழித்து உளவியலாளர் விளக்கியும் தெரிந்தவை. கைமுட்டி, கையின் ஓரம், உள்ளங்கை என்று மேசைமேல் வரிசையாக மாற்றி மாற்றி வைக்கச் சொன்னாராம். இரண்டாம் உலகப் போரில் தலையில் குண்டடிபட்ட சிப்பாய்களை வைத்து ஆராய்ந்த லூரியா என்ற ரஷ்யக்காரரின் வழி. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சடித்து, எழுத்தைப் படிக்காதே, மையின் நிறத்தைச் சொல் என்றாராம். அப்பாவுக்கு அதில்தான் கோபம் வந்திருக்கிறது: "படிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் கஷ்டம், இது என்ன நியாயம்?" இதை ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் 1935-ல் வெளியிட்டார். அப்பாவின் கோபம்தான் அந்த டெஸ்ட்டின் அடிப்படையே. படித்துப் பழகிய வாயைக் கட்டிப்போட முடிகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு சிக்கலான கோட்டுப் படம், எண்களைத் தலைகீழாகச் சொல்வது, இன்னும் என்னென்னவோ. நடுவில் டீ கொடுத்தார்கள், சர்க்கரை போடாமல், கேட்டுவிட்டு. அது எனக்குப் பிடித்தது.

இனி முக்கியமான விஷயம். பதினைந்து சொற்களை ஐந்து தடவை படித்துக் காட்டி, ஒவ்வொரு தடவையும் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அரை மணி கழித்து, படிக்காமலே ஒருமுறை கேட்பார்கள். அப்பா முதல் சுற்றில் 4, ஐந்தாவது சுற்றில் 9. அரை மணி கழித்து மறுபடியும் 4. தாளில் அந்த 4-ஐப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. உளவியலாளர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் அந்தப் பதினைந்தையும் வேறு சொற்களோடு கலந்து படித்து, 'இது முன்னே வந்ததா, வரவில்லையா' என்று கேட்டிருக்கிறார். அதில் அப்பா 13-ஐச் சரியாகச் சொல்லியிருக்கிறார், வராத சொல் ஒன்றை மட்டும்தான் வந்தது என்றிருக்கிறார். "சரக்கு குடோன்லதான் இருக்கு. எடுத்துக் குடுக்கற ஆள்தான் மெதுவா நடக்கறார்" என்றார். அல்சைமர் நோயில் பெரும்பாலும் சரக்கே உள்ளே போய்ச் சேர்ந்திருக்காதாம், கலந்து கேட்டாலும் தடுமாறி, வராததையெல்லாம் வந்தது என்பார்களாம். அப்பாவுடையது அந்த மாதிரி இல்லை. வேகம் குறைவு, தேடி எடுப்பதில் தாமதம். ரத்தக்குழாய்ப் புள்ளிகளுக்கும் இது பொருந்தும், மனச்சோர்வுக்கும் பொருந்தும். மனச்சோர்வுக் கேள்விகளில் அப்பா வாங்கியிருந்த மதிப்பெண்ணைப் பார்த்தபோதுதான் அம்மா போன ஒன்றரை வருடம் என் மண்டையில் உறைத்தது. 'பெரும்பாலும் வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா' என்ற மாதிரியான கேள்விக்கு அவர் ஆமாம் என்றிருக்கிறார். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இன்னொன்றும் அந்தத் தாளில் இருந்தது. அப்பா சொன்ன தப்பான சொற்களையும் அவர் அப்படியே எழுதி வைத்திருந்தார். டெஸ்ட்டில் உள்ள சொற்களை வெளியே எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டார், அடுத்து வருபவர் மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுவார் அல்லவா. அதனால் சொல்லை மாற்றிச் சொல்கிறேன். 'கடல்' என்று படித்திருக்கிறார். அப்பா ஐந்து சுற்றிலும் விடாமல் 'கடலை' என்றே சொல்லியிருக்கிறார். மார்க் போடும் முறைப்படி அது தப்பு. ஆனால் மறந்தவன் ஐந்து தடவையும் ஒரே தப்பைச் செய்ய மாட்டான். ஐயாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று எழுதி, காது பரிசோதனைக்கு அனுப்பினார். முப்பது வருடம் இன்ஜின் சத்தத்திலும் விசில் சத்தத்திலும் நின்ற காது. வலது பக்கம் நன்றாகவே குறைந்திருந்தது. டிமென்ஷியா அபாயத்தில் நாம் சரிசெய்யக்கூடியவை என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு சொன்ன 14 காரணங்களில் காது கேளாமையும் ஒன்று என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. மண்டபத்தில் ஏழு நிமிடம் கேள்வி கேட்டார்களே, மைக் செட் அலறிக்கொண்டிருந்த இடத்தில், அந்த 22-இல் எத்தனை மார்க் காதில் போனதோ.

நான் 4,500 ரூபாய் கொடுத்தது இந்தக் 'கடலை'க்குத்தான். கேள்வித்தாள் யார் கையிலும் இருக்கலாம். தப்பு எப்படி வந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆள் வேண்டும். எனவே இடம் தேடும்போது முதலில் கேட்க வேண்டியது, டெஸ்ட்டை யார் எடுக்கிறார்கள் என்பது. கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா, அல்லது பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எடுக்க, அவர் கையெழுத்து மட்டும் போடுகிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

எங்களுக்கு எடுத்தவர் ஆராய்ச்சியிலிருந்து வந்தவர். முனைவர் பட்டத்துக்காகப் பக்கவாதம் வந்தவர்களின் வீடு வீடாகப் போனாராம். கடிகாரம் வரையச் சொன்னால் ஒரு பாட்டி பென்சிலைக் கையில் வாங்கி, எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டிருக்கிறார். "மூளைல கோளாறுன்னு மார்க்கைக் குறைக்கறதா, பள்ளிக்கூடம் அனுப்பாதவங்களைக் குறைக்கறதா?" என்றார். பத்தாவது படித்த கண்டக்டரை யாரோடு ஒப்பிடுவது என்பதுதான் இந்தத் துறையின் பாதி வேலை என்று அவர் பேச்சில் புரிந்தது. பெங்களூரில் உள்ள நிமான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம் 2004-ல் வெளியிட்ட டெஸ்ட் தொகுப்பில் வயது, படிப்பு, ஆண் பெண் என்று பிரித்து நம் மக்களுக்கான அளவுகோல் இருக்கிறது, பெரியவர்களுக்குத் தனித் தொகுப்பும் பிறகு வந்தது. ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கொண்டுவந்த டிமென்ஷியா டெஸ்ட் தொகுப்பு முதலில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று ஐந்து மொழிகளில் வந்தது. பட்டியலைச் சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் நிறுத்தினார், நான் தமிழைத் தேடட்டும் என்று. பெயரில்லாமல் அப்பாவின் மதிப்பெண்களை ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டுத் தமிழில் ஒரு படிவம் நீட்டினார். அப்பா இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் வீட்டில் தெலுங்கும் பேசுவோம். சுவர்ணா அல்லாடி என்ற டாக்டர் ஹைதராபாத்தில் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து, இரண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருடம் தள்ளி வந்திருக்கிறது என்று 2013-ல் எழுதியதை நான் படித்திருந்தேன். அதைப் பெருமையாக எடுத்துவிட்டேன். "அது கூட்டத்தோட சராசரி மேடம், உங்க அப்பாவுக்கு எவ்வளவுன்னு அதுல எழுதியிருக்காது" என்று சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகப் போட வேண்டும்.

இப்போது குறைகள். ரிப்போர்ட் ஒன்பது பக்கம், முழுக்க இங்கிலீஷ், அதுவும் டாக்டருக்கு மட்டும் புரிகிற இங்கிலீஷ். வாயால் தமிழில் நாற்பது நிமிடம் அழகாக விளக்கினார், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து தம்பியிடம் போனில் சொல்லும்போது பாதி மறந்துபோனது. மறதி டெஸ்ட்டுக்குப் போன குடும்பத்துக்கு ஒரு பக்கமாவது தமிழில் எழுதித் தரக்கூடாதா? வரவேற்பில் இருந்த பெண் "டிமென்ஷியா பேஷன்ட் யாரு?" என்று அறை முழுக்கக் கேட்கக் கூவினார். அப்பா எழுந்திருக்கவே இல்லை. நான்தான் கையைப் பிடித்து எழுப்பினேன்.

அடுத்தது என் தொழில் சம்பந்தப்பட்டது, எனக்குப் பொறுக்கவில்லை. படம் பார்த்துப் பெயர் சொல்லும் தாள் நகலின் நகலின் நகல். கறுப்பு அடைத்து, கோடு விட்டுப்போய், ஓரத்தில் பஞ்ச் ஓட்டையின் நிழல் வேறு. அதில் காண்டாமிருகத்தை அப்பா பன்றி என்றிருக்கிறார். நான் பார்த்திருந்தால் நானும் பன்றி என்றுதான் சொல்லியிருப்பேன், கொம்பே விழவில்லை. 4,500 ரூபாய் வாங்குகிற இடத்தில் மூலப் பிரதியிலிருந்து அச்செடுத்த தாளை வைக்க எவ்வளவு ஆகிவிடும்? இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கேள்விக்கான மார்க்கைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதாகச் சொல்லி, ரிப்போர்ட்டிலும் அப்படியே ஒரு வரி சேர்த்தார்.

போகிறவர்களுக்கு: கண்ணாடி, காது மெஷின் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, முந்தின இரவு நன்றாகத் தூங்கவிட்டு, காலை நேரத்தில் தேதி கேளுங்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாம் வேண்டும். தூக்க மாத்திரை போடுபவர் என்றால் மறைக்காதீர்கள். முந்தின நாள் கேள்வி கேட்டுப் பழக்கிவிடாதீர்கள், அது உங்களுக்கே நஷ்டம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது அந்தக் கூவலுக்கும் காண்டாமிருகத்துக்கும்.

டெஸ்ட் முடிந்து என்னை உள்ளே கூப்பிட்டபோது அப்பா தளர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார், தேர்வில் கோட்டை விட்ட பையன் மாதிரி. ஒரு நிமிடத்தில் மிருகங்கள் பெயர் சொல்லச் சொன்னதில் ஒன்பதுதான் வந்ததாம். உளவியலாளர் தாள்களை அடுக்கிக்கொண்டே, "ஐயா, திண்டுக்கல் வண்டில எங்கெங்க நிக்கும்?" என்றார். அப்பா நிமிர்ந்தார். "ராம்ஜிநகர், மணப்பாறை, வையம்பட்டி, அய்யலூர், வடமதுரை..." ஒவ்வொன்றுக்கும் நடுவில் உள்ள சின்னச் சின்ன ஸ்டாப்புகளையும் விடாமல், அப்போதைய டிக்கெட் விலையோடு. இடது கை தானாக மடங்கி, விரல் இடுக்கில் ரூபாய் நோட்டு செருகியிருப்பதுபோல நின்றது. உளவியலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அது டெஸ்ட்டில் இல்லை, மார்க்கும் இல்லை.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. காது மெஷின் வந்துவிட்டது, தூக்கத்துக்கும் மனசுக்கும் டாக்டர் ஒரு மாத்திரை கொடுக்கிறார், பி.பி. மாத்திரையை நான் எண்ணி வைக்கிறேன். சிலிண்டர் கேள்வி காலையில் இரண்டு தடவையாகக் குறைந்திருக்கிறது. ஒரு வருடம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால்தான் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும் என்றார்கள். பழைய ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அவர்களிடம் கேட்டால் தேட வேண்டும் என்பார்கள். நான் மூன்று செட் எடுத்து வைத்திருக்கிறேன், மூலத்திலிருந்து.